உங்களுக்குத் தெரியுமா? கோவைக்கு வந்து போன ‘எச்’

2020 ஜூன் மாதத்தில் சில நாள்கள் மட்டும், அரசாணைப்படி கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயரில் இரண்டு ‘எச்’ இருந்தன!

• தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றிய ஆணை அது. நம் ஊரின் ‘த்தூ’வுக்கு மட்டும் டி, எச், டி, எச், ஓ, ஓ. வேலூரையோ ‘வீலூர்’ என்று படிக்கும்படி எழுதிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அதே மாதத்தில் ஆணை வாபஸ்.

• அந்த ‘எச்’ ‘ஹ’ ஒலிக்காக அல்ல. வெறும் ‘டி’ போட்டால் ‘ட’ ஆகிவிடுமே! வடக்கே கவிதாக்கள் பெரும்பாலும் ‘எச்’ இல்லாமல் எழுதுகிறார்கள்; நம் பக்கம் ‘எச்’ சேர்த்து. இரண்டும் சரிதான்.

• ஒலிக்க வேண்டிய ‘ஹ’வைத்தான் தமிழ் தாராளமாக விட்டுவிடும். ஹோட்டல் ஓட்டலானது, ஹாக்கி ஆக்கியானது. கம்பர் காலத்திலேயே ஹனுமான் அனுமன்.

• ஆனாலும் பீளமேட்டில் ஒரு ‘ஹ’ அசையாமல் நிற்கிறது: ஹோப் காலேஜ் நிறுத்தம். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-இல் தொடங்கிய கல்லூரி, தடாகம் சாலைக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகிப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. பேச்சு வழக்கில் அந்த இடம் இன்றும் ‘ஹோப்ஸ்’தான்.