நாழிகை என்பது மணி அல்ல!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் இன்று கம்பெனி பஸ்தான் கடிகாரம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. மகனுக்கு ஷிப்ட், அப்பாவுக்கு ஏரித் தண்ணீர் முறை என்று ஒரே வீட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. இவை இரண்டுக்கும் மூத்தது நாழிகைக் கணக்கு. பஞ்சாங்கத்தில் இன்றும் இருக்கும் இந்தச் சொல்லை, மணி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். ஏழரை நாழிகை ஒரு சாமம். 60 நாழிகை ஒரு நாள். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். 6 மணிக்கு உதயம் என்றால், 5 நாழிகை என்பது காலை 8 மணி. 11 மணி அல்ல. 8 மணி நேர ஷிப்ட் 20 நாழிகை.

நாழி என்றால் உள்ளே துளையுள்ள குழாய். நெல் அளக்கும் நாழியும் அதுதான். 8 நாழி ஒரு குறுணி. வடமொழியின் 'நாடிகா'வுக்கும் குழாய், 24 நிமிடம் என்ற இரண்டு பொருளும் உண்டு. அடியில் சிறு துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. சங்க நூலான முல்லைப்பாட்டிலேயே நீர்க்கடிகாரம் பற்றிய குறிப்பு இருக்கிறது.

அன்று தண்ணீரால் நேரத்தை அளந்தார்கள். ஏரிப் பாசனத்தில் நேரத்தால் தண்ணீரை அளக்கிறோம். இதில்தான் தகராறு வருகிறது. ஆளுக்கு 5 நாழிகை, அதாவது 2 மணி நேரம் என்று பிரித்தாலும் தண்ணீர் சமமாகக் கிடைக்காது. மதகுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே திறப்பில் வரும் தண்ணீர் பாதியாகிவிடும். கடைமடைக்குப் போகும் தண்ணீரில் ஒரு பகுதியை வாய்க்காலே குடித்துவிடும்.

அதனால், மதகு திறந்த நேரத்திலிருந்து எண்ணாமல், தண்ணீர் வயல் மடைக்கு வந்த நேரத்திலிருந்து முறையை எண்ணலாம். ஏரி வற்ற வற்ற முறை நேரத்தைக் கூட்டலாம். வீட்டில் ஆள் இரவு ஷிப்டுக்குப் போகும் வாரத்தில், பக்கத்து வயல்காரரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். இவற்றை மதகு திறப்பதற்கு முன்பே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டத்தில் பேசி, நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். நடு இரவில் வாய்க்கால் கரையில் சண்டை வராது.