கைக்கு ஏற்ற மாத்திரை, யோசனைக்கு?

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றி எழுதியபோது அவர் கவனித்திருந்தது 6 பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. கை நடுங்குவதையும் உடம்பு முன்னால் வளைவதையும் நுணுக்கமாக எழுதிய அவர், புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்றார். அது சரியல்ல என்று பின்னாளில் தெரிந்தது. நோயின் ஆரம்பத்திலேயே சிலருக்கு யோசனையில் தடுமாற்றம் தலைகாட்டிவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் மறதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அல்சைமர் நோயின் மறதி வேறு. அங்கே புதிய செய்தி மனதில் பதிவதே கடினம். பார்க்கின்சன் நோயாளிக்கு ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் பதிந்தது இருக்கும், தேடி எடுக்கத்தான் நேரமாகும். காலையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் விழிப்பவர், “மாமாவா, சித்தப்பாவா?” என்றால் சொல்லிவிடுவார்.

இன்னொரு சிக்கல், பிடித்த தடத்தை மாற்ற முடியாமல் போவது. அதைக் காட்டும் ஒரு சீட்டுச் சோதனை உண்டு. சீட்டுகளை நிறப்படி பிரிப்பதா, வடிவப்படியா, எண்ணிக்கைப்படியா என்று சொல்ல மாட்டார்கள். வைத்த பிறகு “சரி”, “தப்பு” என்று மட்டும் சொல்வார்கள். நோயாளி நிறம்தான் விதி என்று கண்டுபிடித்துச் சரியாக வைத்துக்கொண்டே வருவார். பிறகு சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். “தப்பு” என்று திரும்பத் திரும்பக் கேட்டும் பலரின் கை நிறத்தின்படியே போய்க்கொண்டிருக்கும்.

காரணம் டோபமைன். நடுமூளையில் இதைச் சுரக்கும் செல்கள் அழிவதால், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வற்றுகிறது. அசைவுக்கு மட்டுமல்ல, திட்டமிடும் முன்மூளைக்கும் அதனோடு தொடர்பு உண்டு.

அப்படியானால் குறைந்த டோபமைனை ஈடுகட்டத் தரும் லெவோடோபா மாத்திரை அசைவு, யோசனை இரண்டையும் சரிசெய்துவிடாதா? இங்கேதான் சிக்கல். ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதி முதலில் வற்றுகிறது. கீழ்ப்பகுதியில் ஆரம்பத்தில் ஓரளவு டோபமைன் இருக்கும். கடைமடை காயாமல் இருக்கத் திறந்துவிட்ட தண்ணீரில் தலைமடைப் பயிர் மூழ்குவது போல, கைகாலுக்குச் சரியான அளவு கீழ்ப்பகுதிக்கு மிகையாகிவிடலாம்.

2004இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளுக்குப் புரியாத ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று பெரும்பாலும் சரி, மற்றது பெரும்பாலும் தப்பு. மருந்து எடுக்காதபோது தப்பிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து எடுத்தபோது சரியானதிலிருந்து கற்றார்கள், தப்பு அவ்வளவாக உறைக்கவில்லை. டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிராமிபெக்ஸால் போன்ற மருந்துகளைச் சாப்பிடும் சிலர் திடீரென்று சூதாட்டத்திலோ கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவதிலோ இறங்குவதை இதை வைத்து ஓரளவு விளக்கலாம்.

நோய் முற்றும்போது டோபமைனோடு கதை நிற்பதில்லை. ஆல்பா சினுக்ளின் என்ற புரதம் திரண்டு மூளையின் மேற்பரப்புவரை பரவுகிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினும் குறைகிறது. சிட்னியில் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அதுவரை உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் ரிவாஸ்டிக்மைன், ஓரளவு கைகொடுக்கிறது. நேர்மாறாக, நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் அதே அசிட்டைல்கோலினை மட்டுப்படுத்துவதால், வயதானவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கலாம்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது நடுக்கம் எப்படி என்பதோடு, கணக்குவழக்கில் தடுமாற்றம், புதிய செலவுப் பழக்கம், இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொல்வது போன்றவற்றையும் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்துவது ஆபத்து. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. “என்ன சமைக்கட்டும்?” என்பதற்குப் பதில் “இட்லியா, தோசையா?” என்று கேளுங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பதில் வரத் தாமதமானால் நீங்களே முடித்துவைக்காமல் கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் பதில் வந்துகொண்டுதான் இருக்கும்.