துருவக் கடலிற் சிற்றுயிரின் ஆண்டு

மத்தியகோட்டை அடுத்த கடல்களில் ஒளிக்கு ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை. வடதுருவத்தை அடுத்த ஆட்டிக்குக் கடலிலோ ஞாயிறு மாதக்கணக்கிற் தோன்றாது. பின்னர் மாதக்கணக்கில் மறையாது. ஒளியில்லாக் காலத்தில் அங்கே நீரிலுள்ள நுண்தாவரங்கள் வளர்வதில்லை. ஆகவே அவற்றை உண்டு வாழும் உயிர்களுக்கு ஓராண்டிற்குரிய உணவின் பெரும்பகுதி சில கிழமைகளுக்குள்ளேயே கிடைத்து முடிந்துவிடுகின்றது. இத்தகைய கடலில், அரிசி மணியளவும் இராத ஓர் உயிர் தன் வாழ்வை எங்ஙனம் வகுத்துக்கொண்டுள்ளது என்பது அறியத்தக்கதாகும்.

நீரின் போக்கில் மிதந்து திரியுஞ் சிற்றுயிர்களைப் பிளாந்தன் என்பர். விலங்குப் பிளாந்தனிற் பெரும்பகுதியாய் அமைவன கோப்பெப்பொட்டுக்கள். இவை இறால், நண்டு ஆகியவற்றின் உறவின. துடுப்புப் போன்ற கால்களை உடையன. ஆட்டிக்குக் கடலில் இவற்றுட் சிறப்புற்றது கலானசு என்னுஞ் சாதி. அச்சாதியைச் சேர்ந்த பின்மார்க்கிக்கசு என்னும் இனத்தை 1770 இல் நோர்வே நாட்டு ஆயர் குன்னேருசு விவரித்தார். பனிக்கடலுக்கே உரிய கிளேசியாலிசு இனம் அதனின் வேறானது என்பதை 1955 இலேயே யாசுநொவ் என்னும் உருசிய அறிஞர் பிரித்துக் காட்டினார். உருவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவதில் வல்லுநரும் இன்றுவரை தடுமாறுவதுண்டு.

முட்டையினின்று வெளிவருவது நோப்பிளியசு என்னுங் குடம்பி. அது பலமுறை தோலுரித்து ஆறு நோப்பிளியசு நிலைகளையும், அவற்றின் பின் ஐந்து கோப்பெப்போடைற்று நிலைகளையுங் கடந்தே முதிர்ச்சியடையும். முதலிரு நிலைகளில் அது யாதும் உண்பதில்லை. தாய் முட்டையில் வைத்த சேமிப்பே அதற்குப் போதும். மூன்றாம் நிலையில் உண்ணத் தொடங்கும்போதோ நீரில் உணவு இருந்தாக வேண்டும், இல்லையேல் அழிவே.

கிளேசியாலிசு இவ்விக்கட்டினின்றுந் தப்பும் வழி வியப்பிற்குரியது. கடற்பனியின் அடிப்புறத்தில், பனியினூடு கசியுஞ் சிறிதளவு ஒளியைக்கொண்டே ஒருவகை அல்காக்கள் வளர்கின்றன. பனி உருகி ஒளி தாராளமாய் இறங்கும்போது நீரிலுள்ள அல்காக்கள் பெருகுகின்றன. சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடபாலுள்ள றைப்பியோர்டு என்னுங் கடற்கழியில் 2007 இல் நிகழ்ந்த ஆய்வில், பனியல்காக்கள் ஏப்பிரல் இறுதியிலும், நீரல்காக்கள் ஏறக்குறைய இரு மாதங்களின் பின்னரும் பெருகியமை காணப்பட்டது. பெண் கலானசு பனியல்காவை உண்டு முட்டையிடுகின்றது. குஞ்சு உண்ணும் பருவமடைந்து வளருங்கால் நீரல்கா மலிந்திருக்கின்றது. முதற்பந்தி தாய்க்கு, இரண்டாம் பந்தி பிள்ளைக்கு எனலாம்.

கோடையில் உண்டதை இவ்வுயிர் கொழுப்பாகச் சேமிக்கின்றது. உடலினுள்ளே ஒளி ஊடுருவும் எண்ணெய்ப்பை ஒன்று நீண்டு கிடக்கும். உலர்நிறையிற் பாதிக்கு மேலும் கொழுப்பாதல் உண்டு. பின்னர் அது ஆழத்திற்கு இறங்கி, உடலியக்கத்தைக் குறைத்து, மாரியைக் கழிக்கும். இதனினும் பெரிதான கைப்பர்போரியசு இனம் கிறீன்லாந்துக் கடலில் ஆயிரம் மீற்றருக்குங் கீழே இறங்குவதுண்டு. அது எப்பந்திக்குங் காத்திராது, சேமித்த கொழுப்பைக்கொண்டே மாரியில், இருண்ட ஆழத்திலேயே முட்டையிடும். கொழுப்பு மிகுந்த அம்முட்டைகள் தாமாகவே மேனோக்கி மிதந்தெழும். ஒரு மில்லிமீற்றருங் கொள்ளாத ஒயிதோனா சிமிலிசோ ஆழத்திற்குச் செல்வதுமில்லை, பெருங்கொழுப்புச் சேமிப்பதுமில்லை. அகப்பட்டதை உண்டு மாரியிலும் இயங்கிக்கொண்டிருக்கும்.

கடற்பனி இப்பொழுது விரைந்து குறைகின்றது. 2012 செத்தெம்பரில் அதன் பரப்பு ஏறக்குறைய 34 இலட்சம் சதுரக் கிலோமீற்றராகச் சுருங்கியது. 1979 இல் தொடங்கிய செய்மதிப் பதிவுகளில் அதுவரை காணப்படாத குறைவு அது. பனி முந்தி உடையுமாயின் இருபந்திகளுக்கும் இடையேயுள்ள காலம் குறுகும். குஞ்சு வருமுன் பந்தி கலைந்துவிடலாம். வெப்பமான அத்திலாந்திக்கு நீரோடு வரும் பின்மார்க்கிக்கசு, கிளேசியாலிசு குன்றிய இடங்களை நிரப்பக்கூடுமன்றோ எனின், எண்ணிக்கையில் நிரப்பலாம். கொழுப்பில் நிரப்புதல் அரிது. ஒரே வளர்ச்சி நிலையில் ஒப்பிடின் அதன் கொழுப்பு மிகக் குறைவு. சுவால்பார்ட்டிற் கூடுகட்டும் சின்ன ஓக்கு என்னுங் கடற்பறவை கடலில் மூழ்கிக் கலானசைப் பிடித்துத் தொண்டைப் பையில் நிரப்பிச் சென்று தன் ஒற்றைக் குஞ்சுக்கு ஊட்டுவது. அத்திலாந்திக்கு நீர் சூழ்ந்த கரைகளில் வாழும் அப்பறவைகள், கொழுத்த இரையைத் தேடி நெடுந்தொலைவு பறந்து செல்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.