லேடாங் மலைக்குப் போகுமுன்: மலையேற்றக் குழுவில் சேர்பவர்கள் தங்கள் பலத்தை அளப்பது எப்படி?

மலாக்கா: ஜாசின், ஆசஹான் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு குனோங் லேடாங் புதிய மலை அல்ல. தோட்டத்து வாசலில் நின்று பார்த்தே பழகிய மலை. பார்த்தவர்கள் பலர், ஏறியவர்கள் சிலர். இப்போது வார இறுதியில் மலையேறும் குழுக்களில் நம் இளைஞர்களும் ஐம்பதைத் தாண்டிய தம்பதியரும் சேரத் தொடங்கியுள்ளனர்.

குழுவில் பெயர் கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு கேள்வி வரும். அனுபவம் எப்படி, புதியவரா, நடுத்தரமா, தேர்ந்தவரா? பலர் யோசிக்காமல் 'நடுத்தரம்' என்று பதில் அனுப்பிவிடுகிறார்கள். புதியவர் என்று சொல்லிக்கொள்ள ஒரு கூச்சம். சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒருவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனால், கூட வந்த பதினைந்து பேரும் அவருக்காகக் காட்டில் காத்திருக்க வேண்டும். மாலை 7.30க்கு மேல் நல்ல இருட்டு.

ஐரோப்பாவில் பனிச்சறுக்குச் சரிவுகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த நிறச் சரிவில் தடுமாறாமல் இறங்க முடியும் என்று சொன்னால் போதும், சங்கத்தார் ஆளை எடைபோட்டு விடுவார்கள். நம் மலையேற்றத்தில் எல்லாரும் ஏற்ற அப்படியொரு நிறக்கணக்கு இல்லை. ஆகவே அவரவரே அளந்துகொள்ள வேண்டும்.

முதல் அளவு மூச்சு. ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அது நாள் முழுதும் தாங்கும் வேகம் அல்ல.

இரண்டாவது படிக்கட்டு. அடுக்குமாடியில் ஒரு மாடி ஏறக்குறைய 3 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தில், முதுகில் பையோடு பத்து முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர். ரெம்பாவில் உள்ள குனோங் டத்தோ 884 மீட்டர், லேடாங் 1,276 மீட்டர். அந்த 300 மீட்டருக்கே மறுநாள் கால் பிடித்துக்கொண்டால், லேடாங் இப்போதைக்கு வேண்டாம். ஆயர் குரோ தாவரவியல் பூங்கா, புக்கிட் பெருவாங், பிறகு குனோங் டத்தோ என்று படிப்படியாகப் போவதே முறை.

நேரத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். வேரும் கயிறும் ஏணியும் சேறும் உள்ள நம் காட்டுக்கு அது போதாது. புதியவர்கள் அதை இரட்டிப்பாக்கிக் கொள்வது நல்லது. 1854-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து ஆயர் பானாஸ் வழியாக இதே லேடாங்குக்குப் போனபோதும் சேறும் அட்டையும்தான் வரவேற்றன.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். முழங்கால் வாங்குவது இறங்கும்போதுதான். காண்டா வாளி தூக்கி மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். தோட்டத்துப் பிள்ளை என்பதால் மட்டும் கால் பலம் வந்துவிடாது. ஆனால் காலணி விஷயத்தில் தோட்டமே வென்றது. பால் வெட்டப் போட்ட கறுப்பு ரப்பர் காலணியை, 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர் சூட்டி இன்று மலையேறிகள் தேடி வாங்குகிறார்கள்.

நம்மவர்கள் மறைக்கும் இன்னொன்று இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு நீரிழிவு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாறும் பேச்சு ஆகியவை அறிகுறிகள். புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பதும், வழிகாட்டியிடம் சொல்லி வைப்பதும், இனிப்பைக் கைக்கெட்டும் பையில் வைப்பதும் அவசியம். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான்.

குழுவையும் அளக்க வேண்டும். முறையான விளையாட்டுச் சங்கம் என்றால் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு இருக்கும். வெறும் புலனக் குழு என்றால், காசு யார் கையில் போகிறது, காப்புறுதி உண்டா, பெர்மிட் எடுத்தாயிற்றா என்று கேட்பதில் தவறில்லை. நிரந்தர வனக் காப்பகத்தில் அனுமதியின்றி நுழைந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். லேடாங்கில் ஏற ஜொகூர் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? "உச்சி வரை போய்த்தான் திரும்புவோம்" என்று சொல்லும் குழுவில் புதியவர்கள் சேர வேண்டாம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் குறித்த நேரத்தில் திரும்பிவிடும் தலைவர் இருந்தால், தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். அனுபவம் என்ற இடத்தில் 'புதியவர்' என்றே எழுதலாம்.