தானே கூடும் டி.என்.ஏ. கூடு

டி.என்.ஏ.வில் அடினைன் தைமினோடு இணைசேரும், குவானைன் சைட்டோசினோடு. நானோ அளவில் வடிவங்கள் கட்ட இந்த ஒரு விதியே போதும். வரிசையைத் திட்டமிட்டுத் தயாரித்த இழைகளை உப்புக் கரைசலில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், அவை தத்தம் இணையைக் கண்டு தாமாகவே கூடிக்கொள்கின்றன. 1980களில் நாட்ரியன் சீமன் தொடங்கிவைத்த துறை இது. 2006இல் பால் ரோத்மண்ட், நீண்ட வைரஸ் இழையொன்றை இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் மடித்து, சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் சிரிக்கும் முகத்தையே உருவாக்கினார். வேடிக்கைதான், ஆனால் எந்த வடிவமும் சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று.

சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்ற யமுனா கிருஷ்ணன், பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இந்தத் துறையைப் பயன்பாட்டை நோக்கி நகர்த்தினார். 2009இல் அவரது குழு, இருபது முக்கோண முகங்கள் கொண்ட டி.என்.ஏ. கூட்டை அமைத்தது. முதலில் இரு பாதிகள். அவை ஒன்றாகப் பொருந்தும்போது, கரைசலில் மிதந்த தங்க நானோதுகள்கள் உள்ளே அகப்பட்டன. 2011இல் அத்தகைய கூடு, ஒளிரும் மூலக்கூறைச் சுமந்து உயிருள்ள புழுவின் செல்களுக்குள் சென்றது. அங்குள்ள அமிலத்தன்மையை அந்த ஒளியைக் கொண்டு அளக்க முடிந்தது.