அளந்து வரைந்த சிறகுகள்
வேல்ஸின் ஆங்கில்சீ தீவில் 'ஓரியல் அனிஸ் மோன்' என்றொரு அருங்காட்சியகம் உண்டு. அதன் பெருஞ்செல்வம், பறவை ஓவியர் சார்லஸ் டன்னிக்லிஃப்பின் படங்கள். 1947 முதல் 1979-ல் மறையும்வரை இதே தீவில், கழிமுகத்தைப் பார்த்த வீட்டில் வாழ்ந்தவர் அவர்.

செத்துக் கிடந்த பறவைகளைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அலகையும் காலையும் அளப்பார். சிறகை விரித்து, மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் அசல் அளவிலேயே வரைவார். விற்பதற்கு அல்ல, தாம் கற்றுக்கொள்வதற்கு! என்ன பொறுமை!

அவர் காலமான பிறகு ஏலத்துக்கு வந்த அந்தத் தொகுப்பு சிதறிப் போயிருக்கும். நல்லவேளை, 1981-ல் தீவின் உள்ளாட்சி மன்றமே அதை மொத்தமாக வாங்கிவிட்டது. அருங்காட்சியகம் 1991-ல் திறக்கப்பட்டது.