திரைச்சீலையை வெட்டினாளா மருத்துவச்சி?

முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில், பிரசவம் பார்க்கப் போன ஒரு மருத்துவச்சியின் வாக்குமூலம் 400 ஆண்டுகள் தாண்டியும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிறது, தெரியுமா?

ஊர், பெர்க்‌ஷயரின் கிரேட் ஷெஃபோர்ட். பெயர், மதர் பார்ன்ஸ். 1575 வாக்கில் ஓர் இரவு. சார்ல்டன் ஊர் நைவெட் சீமாட்டி கூப்பிட்டனுப்பியதாக ஆள் வர, நம்பிக் கிளம்பினாள். போய்ச் சேர்ந்ததோ வேறு மாளிகை! கட்டிலில் முகமூடி போட்ட கர்ப்பிணி. அருகே கறுப்பு வெல்வெட் உடையில் ஒரு கனவான். தாய் பிழைத்தால் சன்மானம், இல்லையென்றால் உன் உயிர் போகும் என்று மிரட்டல். குழந்தை பிறந்தது. சுற்ற ஒரு துணிகூட இல்லை, தன் ஏப்ரனில் பொதிந்து எடுத்து வந்தாள். எரியும் கணப்பைக் காட்டி அதில் போடச் சொன்னான் அந்தப் பாவி! மண்டியிட்டுக் கெஞ்சியும் அவன் மசியவில்லை. பச்சைக் குழந்தை நெருப்புக்குப் போயிற்று.

முகமூடி எதற்காம்? அன்று மருத்துவச்சிக்கு லைசென்ஸ் கொடுத்தவர் பிஷப்! 1567-ல் எலினார் பீட் என்ற மருத்துவச்சி எடுத்த உறுதிமொழியில், பிரசவ வலியில் இருப்பவள் உண்மையான தகப்பனைத் தவிர வேறொருவன் பெயரைச் சொல்ல விடமாட்டேன் என்றே இருக்கிறது. அப்புறம் முகத்தைக் காட்டுவார்களா?

மரணப்படுக்கையில் பார்ன்ஸ் சொன்னதை ஆந்தனி பிரிட்ஜஸ் என்ற மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். பழி விழுந்தது லிட்டில்கோட் மாளிகை வில்லியம் டேரல் மீது. கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனார்கள், படிகளை எண்ணினாள், கட்டில் திரையில் ஒரு துண்டை வெட்டி வந்தாள், அதை வைத்தே மாளிகையைக் கண்டுபிடித்தார்கள் என்று கதை வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், வாக்குமூலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. டேரல் பெயரே இல்லை!

நீதிபதி ஜான் போப்பமுக்கு எஸ்டேட்டையே லஞ்சமாக எழுதிக்கொடுத்துத் தப்பினான் என்பதும் அப்படித்தான். 1589-ல் டேரல் இறந்ததும் லிட்டில்கோட் போப்பமுக்குப் போனது நிஜம். ஆனால் அவர் தலைமை நீதிபதி ஆனதே 1592-ல்!

டேரலை நிம்மதியாக விடவும் முடியவில்லை. டேரல் வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகள் என்ன ஆயின என்று அவளுடைய சகோதரனிடம் விசாரிக்கச் சொல்லி, 1579 ஜனவரியில் லாங்லீட் மாளிகை ஜான் தின்னுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எழுதியவர் யார் தெரியுமா? ஹென்றி நைவெட். பார்ன்ஸை ஏமாற்றப் பயன்பட்டதே அவர் மனைவி பெயர்தான்!

டேரல் இதற்காகத் தண்டனை பெறவே இல்லை. லிட்டில்கோட் இன்று ஒரு ஹோட்டல். துணிச்சல் இருந்தால் ரூம் போடலாம்.